ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு



நீங்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலை லைனில், இடையில் கம்பி வேலிகூட இல்லாமல், ஒரு ரோபோ கை உங்கள் தோளருகே வந்து நிற்கலாம். "இதை நம்பி வேலை செய்யலாமா?" என்று நீங்கள் கேட்டால், வேலைக்குப் பயப்படுகிறார் என்று யாராவது சொல்லக்கூடும். அதைப் பொருட்படுத்தாதீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

1979 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டின் வார்ப்படத் தொழிற்சாலையில், 25 வயதுத் தொழிலாளி ஒருவர் பாகங்களை எடுக்க அடுக்குக்குள் ஏறினார். பின்னாலிருந்து வந்த இயந்திரக் கை அடித்து அங்கேயே உயிரிழந்தார். ரோபோவால் நேர்ந்த முதல் மரணமாக இதைச் சொல்கிறார்கள். உள்ளே ஆள் இருப்பதை உணரும் வழி அந்த இயந்திரத்துக்கு இல்லை.

ஆட்களின் பக்கத்திலேயே நின்று வேலை செய்யும் இன்றைய ரோபோக்களான கோபாட்கள் வேறு வகை. 2008இல் டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் விற்கத் தொடங்கிய கைகள், ஆள்மீது இடித்தால் உணர்ந்து நின்றுவிடும். உடம்பின் எந்தப் பகுதி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று 2016இல் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வரம்புகளையே வெளியிட்டது. ஆனால் கையின் நுனியில் கத்தியையோ கூரான தகட்டையோ மாட்டிவிட்டால், மெதுவாக இடித்தாலும் காயம்தான். விற்றவர் தந்த உறுதி அந்தக் கத்திக்குப் பொருந்தாது.

பயப்படுகிறவர் எட்டி நிற்பார். அளவுக்கு மீறி நம்புகிறவரை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் நடந்த ஒரு சோதனை 2016இல் வெளியானது. வழிகாட்டி ரோபோ ஒன்று ஆட்களை ஓர் அறைக்கு அழைத்துப் போனது. சிலரைத் தவறான அறைக்குள் கொண்டுபோய்ச் சுற்றவைத்தது. சிலரிடம் அது பழுதாகிவிட்டது என்றே சொன்னார்கள். பிறகு நடைக்கூடத்தில் செயற்கைப் புகை பரவியது, அபாய மணி அடித்தது. உள்ளே வந்த வாசல் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பெரும்பாலானோர் ரோபோ காட்டிய புது வழியிலேயே போனார்கள். மேசை நாற்காலி அடைத்துக் கிடந்த இருட்டறையைக் காட்டியபோதுகூடச் சிலர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். நெருக்கடியில் ரோபோவை அதிகாரமுள்ள ஒன்றாக அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இதே மனம் நமக்கும் உண்டு. பல மாதம் சரியாக ஓடிய இயந்திரத்தை நாம் உற்றுப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். ஆகவே நம்பிக்கையை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வேலைக்கு வேலை அளந்து கொடுங்கள். ஒரே மாதிரித் திருகை ஆயிரம் முறை முடுக்குவதில் ரோபோவை நம்பலாம். உங்கள் கை குறுக்கே வந்தால் நிற்குமா என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

வேலை தொடங்கும் முன் சூப்பர்வைசரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இந்த ரோபோவால் எதை உணர முடியும், எதை முடியாது? நுனியில் மாட்டிய கருவியோடு சேர்த்துச் சோதித்தீர்களா? சந்தேகம் வந்தால் நானே சிவப்பு பட்டனை அழுத்தி நிறுத்தலாமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பட்டனை அழுத்தியதற்கு, டார்கெட் போச்சு என்று திட்டு விழும் இடத்தில், சென்சார் எத்தனை இருந்தாலும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு இல்லை. அங்கே நம்பிக்கையை முதலில் காட்ட வேண்டியது நிர்வாகம்: உங்கள் கண்ணையும் அனுபவத்தையும் அவர்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் லைனில் உள்ள எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்