ஓலைப் பின்னலும் கிளித்தட்டும்



இந்த முறை கைவேலையும் விளையாட்டும் பற்றி எழுதுகிறோம். முதலில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் பின்னல் பயிற்சி வைத்தோம். கரும்பலகையில் கோடு கோடாக வரைந்து ஒரு மணித்தியாலம் விளக்கினோம். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு தடுக்குக்கூடப் பின்னி முடியவில்லை.

மூலையில் இருந்த ஒரு அம்மாயிதான் வாய் திறந்தார். "ஐயா, இது பேசிப் படிக்கிற வேலை இல்லீங்க. புள்ளைங்கள எம் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க."

அவர் பிறந்தது நம் மலையில்தான். 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போன குடும்பங்கள் எத்தனையோ. இவர் போய்ச் சேர்ந்த இடம் வற்றாப்பளை. நந்திக்கடல் ஓரத்தில் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிற ஊர். மதுரையை எரித்த கண்ணகி பத்தாவதாக வந்து தங்கிய இடமென்றும், பத்தாப்பளை என்பதே வற்றாப்பளை ஆனதென்றும் சொல்லுவார்கள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரிப்பது அங்கே பெரிய விசேஷம்.

அங்கே தேயிலை இல்லை, பனை இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பின்னப் படித்தார். விரியாத குருத்தோலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்க வேண்டும். நிறம் வேண்டுமென்றால் சாயத்தோடு கொதிக்க வைக்க வேண்டும். கடகம் என்றால் இரட்டைப் பின்னல், விளிம்பை நாரால் பொத்துவார்கள். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி கூம்பு வடிவம், அதுதான் கஷ்டமாம். பனைக்கு ஒரே உச்சிதான். பேராசையில் குருத்தின் அடியையே வெட்டினால் மரம் பட்டுப்போகும். நாம் கொழுந்து எடுக்கும்போது பார்க்கிற பக்குவம் போலத்தான்.

"அங்க என்னைத் தோட்டக்காட்டு ஆளுன்னாங்க. இங்க வந்தா வன்னிக்காரிங்கிறாங்க," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2009 இல் போருக்குள்ளிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று அந்த நீத்துப்பெட்டி. இப்போது மகள் வீட்டில், லயத்துக் காம்பராவில், அடுப்புக்கு மேலே தொங்குகிறது. கண்ணில் புரை விழுந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் அதைப் பின்னத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நம்மிடம் பனை இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். அவரே வழி சொன்னார். பெட்டி கட்டி வருகிற பிளாஸ்டிக் நாடா கடைகளில் வீணாகக் கிடக்கும். எட்டு நாடாவை நெடுக்காக அடுக்குங்கள். இன்னும் எட்டை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று குறுக்காக விடுங்கள். அடுத்த வரியில் அதை மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நன்றாக நெருக்க வேண்டும். ஓரத்தில் மிஞ்சுவதை மடித்து உள்ளே செருகினால் ஒரு தடுக்கு. நமது முன்னோர் கொழுந்துக்குச் சுமந்த மூங்கில் கூடைக்கும் இந்த மேல் கீழ்தானே அடிப்படை. மூங்கில் கூடை முடையத் தெரிந்த தாத்தாமார் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள்.

கை வலித்ததும் பிள்ளைகள் வெளியே ஓடி அஞ்சாங்கல் ஆடினார்கள். "வற்றாப்பளையில இதக் கொக்கான்னு சொல்லுவாங்க," என்றார் அம்மாயி. நம் கோலி அங்கே போளை. கிளித்தட்டை மட்டும் நம் பிள்ளைகள் அறியவில்லை. அன்றைக்கே பிரட்டுக் களத்தில் சாம்பலால் கோடு போட்டோம்.

நீள்சதுரம் ஒன்று, நடுவே நெடுக ஒரு கோடு, குறுக்கே நான்கு கோடு. பக்கத்துக்கு ஐந்து பேர். காவல் பக்கத்தில் நான்கு பேர் குறுக்குக் கோடுகளில் நிற்பார்கள், ஐந்தாமவர் கிளி, நடுக்கோட்டில் ஓடுவார். கோட்டில் கால் வைத்தபடிதான் தொடலாம். மற்றப் பக்கத்தார் தொடுபடாமல் எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். ஒருவர் பிடிபட்டாலும் ஆட்டம் மாறும். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், காசு வேண்டாம். பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஆடலாம், சேர்க்க வேண்டும்.

வற்றாப்பளைக்குப் போன புதிதில் அம்மாயியின் பிள்ளைகளை ஊர்ப் பிள்ளைகள் முதல் கிழமையே கிளித்தட்டில் சேர்த்துக்கொண்டார்களாம். பெரியவர்கள் முற்றத்துக்குள் கூப்பிட ஒரு வருஷம் எடுத்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மடுவம் திறந்திருக்கும். வருகிறவர்கள் நாடாவும் கத்தரிக்கோலும் கொண்டுவாருங்கள். வன்னியில் சொந்தம் இருப்பவர்கள் அடுத்த தடவை போய்வரும்போது ஒரு கட்டு ஓலை ஏற்றி வாருங்கள். அம்மாயி நீத்துப்பெட்டி தொடங்கக் காத்திருக்கிறார்.