உதவி செய்த அன்றே எழுதிவிடுங்கள்

வேலூர்ப் பக்கம் பல ஊர்களில் தெருவுக்குப் பத்து மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். அங்கே முன்னாள் படைவீரர் உதவி மையம் ஒன்றில் நான் தன்னார்வலராகச் சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். கணவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் நாயக்காக இருந்து ஓய்வுபெற்று, பிறகு இறந்துபோனவர். அந்த அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த குடும்ப ஓய்வூதியம் நின்று மூன்று மாதமாகியிருந்தது. மஞ்சள் பையில் டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.), ஆதார், பாஸ்புக் எல்லாம் இருந்தன.

முதல் வாரம் நான் விசாரித்தேன். அடுத்த வாரம் நான் போகவில்லை. வேறொரு தம்பி விசாரித்தார். அதற்கடுத்த வாரம் இன்னொருவர். மூன்று பேரிடமும் கணவர் இறந்த கதையை அந்த அம்மா முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது முறை என்னைப் பார்த்து, “நீதான கண்ணு அன்னிக்கி எழுதிக்கின?” என்று கேட்டார். எழுதிக்கொண்டது ஒரு துண்டுச் சீட்டில். அது எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே ஒரு நீளநோட்டு வாங்கினேன். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், வார இறுதியில் சேவைக்கு வரும் ஐ.டி. ஊழியர்கள், படைவீரர் குடும்பங்களிலிருந்தே உதவ வரும் பெண்கள் எல்லோருக்கும் அந்த நோட்டில் கற்றதைச் சொல்கிறேன்.

என்ன எழுதுவது?

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: “நவம்பர் 12. ஓர் அம்மாவுக்கு உதவினேன். 3 மணி நேரம்.” இதை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரும் ஆளால் ஒன்றும் செய்ய முடியாது.

அதே நாள், அதே வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்: “நவம்பர் 12. காலை 10.10 – பகல் 1.20. பதிவு எண் 37. குடும்ப ஓய்வூதியர். லைஃப் சர்டிபிகேட். கைரேகை மூன்று தடவை வைத்தும் பதியவில்லை. முகம் காட்டும் செயலியில் பதிந்தது. ஆதார் பெயரும் சர்வீஸ் ரெக்கார்டு பெயரும் எழுத்து மாறியிருக்கிறது. திருத்த மனு எழுத வேண்டும். 19ஆம் தேதி டிஸ்சார்ஜ் புக்கோடு வரச் சொன்னேன். பஸ் 24 ரூபாய், ஜெராக்ஸ் 18 ரூபாய்.”

எழுத ஐந்து நிமிடம் ஆகும். யாருக்கு, என்ன வேலை, எது முடிந்தது, எது பாக்கி, அடுத்து எப்போது என்ற ஐந்தும் அதில் வந்துவிடுகின்றன. ‘எது பாக்கி’ என்ற வரியை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள்.

அந்தப் பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும். நம் வேலையில் பாதி அதுதான். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். முப்பது நாற்பது வருடம் முன்னால் ஆள் சேர்த்தபோது காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிய பெயர் ஒன்று. ஆதார் எடுத்தபோது விழுந்த பெயர் வேறொன்று. மனைவி பெயரில் ‘அம்மாள்’ ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. ராணுவ ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ இணையமுறைக்கு மாறிய பிறகு இந்த வித்தியாசங்களெல்லாம் வெளியே வந்துவிட்டன. சில திருத்தங்கள் ரெக்கார்டு ஆபீஸ் வரை போகும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. ஓய்வூதியக் கணக்கு அலுவலகமோ பிரயாக்ராஜில். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை, கடிதம் எழுதிய தன்னார்வலர் ஒருவர், பதில் வரும்போது நாற்காலியில் இருப்பவர் வேறொருவர். நோட்டு இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் திரும்ப முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

மணி நேரக் கணக்கு

நேரத்தைப் பத்து நிமிடம் முன்பின்னாக அன்றே குறியுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து யோசித்து எழுதும் மணிக்கணக்கை நான் நம்புவதில்லை. அது எப்போதும் ஐந்து, பத்து, இருபது என்று முழு எண்ணாகவே வரும்.

காத்திருந்த நேரம் சேருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகச் சேரும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்க, காது சரியாகக் கேட்காத ஒரு பெரியவரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் சேவைதான். அவர் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். பயண நேரத்தை மட்டும் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் கணக்கை வாங்குகிற நிறுவனம் முடிவு செய்துகொள்ளும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. இரண்டு பேர் சேர்ந்து ஒரு முன்னாள் ஹவில்தாரை மூன்று மணி நேரம் அழைத்துப் போனால், சேவை நேரம் ஆறு மணி. பயன்பெற்றவர் ஒருவர்தான். அதே ஹவில்தார் நான்கு தடவை வந்தாலும் பயனாளி ஒருவர், வருகை நான்கு. இந்த இரண்டையும் குழப்பித்தான் ‘ஐந்நூறு பேருக்கு உதவினோம்’ என்று அறிக்கைகள் ஊதிப் பெருகுகின்றன. பின்னால் யாராவது பட்டியலைக் கேட்டால் மொத்த உழைப்பின் மேலும் சந்தேகம் விழும்.

சம்பளமோ மதிப்பூதியமோ வாங்கிய நேரத்தைத் தன்னார்வக் கணக்கில் எழுதக் கூடாது. சொந்த அப்பாவின் ஓய்வூதியத்துக்கு அலைந்ததும் இதில் வராது. அது பிள்ளையின் கடமை.

எழுதக் கூடாதவை

நோட்டு தொலைந்தால் யாருக்கும் கெடுதல் வரக் கூடாது. அதனால் பெயருக்குப் பதில் பதிவு எண் போடுங்கள். எந்த எண் யார் என்ற பட்டியல் மையப் பொறுப்பாளரிடம் பூட்டிய இடத்தில் இருக்கட்டும். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதையும் குறிக்க வேண்டாம். “நீயே வெச்சுக்கோ தம்பி” என்று அவர்களே பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நோயின் பெயரைவிட எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதினால் போதும்.

இப்போது பணியில் இருக்கும் வீரரின் குடும்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவர் எந்த யூனிட், எங்கே இருக்கிறார், எப்போது லீவில் வருகிறார் என்று எழுதவே கூடாது. அவருக்குப் போகும் கடிதத்தின் முகவரியே 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சல் நிலையம்) என்றுதான் முடியும், ஊர் பெயர் இருக்காது. ராணுவமே இத்தனை கவனமாக இருக்கும்போது நம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் “எல்லையில் இருக்கும் வீரரின் வீட்டில் இன்று” என்று போட்டோ போடுவது பெரிய தவறு. வீட்டில் ஆண் துணை இல்லை என்பதை ஊருக்கே சொல்வதும் அதில் சேர்கிறது.

யாருக்கு, எப்படி அறிக்கை தருவது?

ஒவ்வொருவரும் கேட்பது வேறு. நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் என்ற கணக்கு இருக்கிறது. ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. திட்ட அலுவலரிடம் மாதம் ஒருமுறை நாட்குறிப்பில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்றாம் ஆண்டுக் கடைசியில் போய் நின்றால் அவர் மாறிப்போயிருக்கலாம்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு உங்கள் மணிக்கணக்கைவிட, தீராமல் நிற்கும் குறைகளின் பட்டியல்தான் பயன்படும். ஆட்சியர் தலைமையில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்கு மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒன்றில் முத்திரை வாங்கி, தேதியை நோட்டில் ஏற்றுங்கள். “ஏற்கெனவே மனு கொடுத்தாச்சு” என்று வாயால் சொல்வதற்கும் தேதியோடு சொல்வதற்கும் மேசைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கம்பெனி ஊழியர்களுக்கு ஒரு செய்தி. முன்னாள் படைவீரர், போரில் கணவரை இழந்தோர், அவர்களைச் சார்ந்தோர் நலனுக்கான பணி, கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் நிறுவனச் சமூகப் பொறுப்பாக (சி.எஸ்.ஆர்.) செய்யத் தக்கதாகவே இருக்கிறது. உங்கள் உழைப்பு நேரத்தை மட்டும் ரூபாயாக மாற்றி சி.எஸ்.ஆர். செலவில் காட்ட முடியாது; மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் தந்த விளக்கம் அது. ஹெச்.ஆர். அப்படி ஒரு எக்செல் கேட்டால், நேரத்தை நேரமாகவே கொடுங்கள்.

சேவை நேரத்தைக் கணக்கு வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் பழையது. 1919இல் தொடங்கிய அமெரிக்கன் லீஜியன் ஆக்ஸிலியரி அமைப்பின் உறுப்பினர்கள் தம் சேவை நேரத்தை ஆண்டுதோறும் கிளையிலிருந்து தலைமை வரை அனுப்புகிறார்கள். படைவீரர் மருத்துவமனைகளில் தன்னார்வப் பணிக்கு 1946இலிருந்தே தனி ஏற்பாடு உண்டு. ஒரு மணி நேரச் சேவைக்கு அந்நாட்டில் டாலர் மதிப்பே கணக்கிடுகிறார்கள்: 2024க்கு 34.79 டாலர். அதை அப்படியே ரூபாய்க்கு மாற்றி நம் அறிக்கையில் போடுவதை ஒப்ப மாட்டேன். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கிளையிலிருந்து மேலே வரை எல்லோரும் ஒரே படிவத்தில் எழுதும் ஒழுங்குதான்.

வேலைக்குப் போகும்போது

பயோடேட்டாவில் ‘சமூக சேவையில் ஆர்வம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். எந்த மையம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, மொத்தம் எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று இரண்டே வரி போதும். ‘ஓய்வூதியர்களுக்கு இணையவழிச் சான்று பதிவு, பெயர்த் திருத்த மனுக்கள், தொடர் கண்காணிப்பு’ என்று எழுதினால் வங்கியிலும் காப்பீட்டிலும் மருத்துவமனை நிர்வாகத்திலும் அதன் பொருள் புரியும். நேர்காணலில் “சிக்கலான ஒருவரை எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று கேட்டால் நோட்டில் பத்துப் பதில் இருக்கும். முந்தின நாள் ஒருமுறை புரட்டிக்கொண்டு போங்கள். பெயர் சொல்லாமல் பேசுங்கள். சான்றுக் கடிதத்தில் தேதியும் மணி நேரமும் வேலையின் தன்மையும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ‘நன்னடத்தை உடையவர்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பெரிய பயனில்லை.

வருடா வருடம் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கூட்டம் கூடும். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள், 1949இலிருந்து நடக்கிறது. புது ஆட்கள் அதிகம் சேரும் இரண்டு மாதம் அவை. இந்த வருடம் நீங்கள் சேர்ந்தால், மஞ்சள் பையோடு ஓர் அம்மா வாசலில் நிற்பார். முதலில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நோட்டில் அவர் பதிவைத் தேடி எடுங்கள். வீட்டுக்காரர் எப்படி இறந்தார் என்று இன்னொரு தடவை அவரிடம் கேட்காதீர்கள்.