இந்த எரரைச் சொன்னது யார்?

அன்புள்ள மருமகளுக்கு,

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டது. இனிச் சிவகாசி அச்சகங்களில் ராத்திரி ஷிப்டும் ஓடும். ஒரு நெட்வொர்க் சுவிட்ச் படுத்தால் பிளேட் போடும் அறைக்கு ஃபைல் போகாது; மெஷின் சும்மா நிற்கும். அப்படி நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருக்கிறாய். திரையில் எரர் வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். இந்த எரரைச் சொன்னது கருவியா, உன் மென்பொருளா? அங்கிருந்து ஆரம்பி.

நெட்வொர்க் கருவிகளை விசாரிக்க நாம் பயன்படுத்தும் எஸ்என்எம்பி 1988இல் வந்தது. அதன் முதல் பதிப்பில் எரர் எண்கள் ஐந்துதான். 1 என்றால் பதில் ஒரு பாக்கெட்டில் அடங்கவில்லை. 2 என்றால் நீ கேட்டது என்னிடம் இல்லை. 3, 4 இரண்டும் மதிப்பை மாற்றப் போகும்போது வருபவை. 5 என்றால் இன்னதென்று சொல்ல முடியாத கோளாறு. இவை எல்லாமே கருவி தன் வாயால் சொல்பவை. "அந்தப் பெட்டி இங்கே இல்லை" என்று குடோன் வாட்ச்மேன் சொன்னால், வாட்ச்மேன் விழித்திருக்கிறார் என்றுதானே பொருள்? எண் வந்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது, வழியும் சரி.

ஒரே கேள்வியில் 20 விவரம் கேட்கிறாய் என்று வை. ஏழாவது மட்டும் அந்தப் பழைய சுவிட்சில் இல்லை. முதல் பதிப்பில் எரர் 2, இன்டெக்ஸ் 7 என்று வரும். மற்ற 19 மதிப்பும் கிடைக்காது. ஏழாவதை எடுத்துவிட்டு மறுபடி கேள், வந்துவிடும். இரண்டாம் பதிப்பு இந்தத் தொல்லையைத் தீர்த்தது: இல்லாததற்கு மட்டும் 'நோ சச் ஆப்ஜெக்ட்' அல்லது 'நோ சச் இன்ஸ்டன்ஸ்' என்று குறித்துவிட்டு மற்றதைத் தந்துவிடும். கரண்ட் போய் வந்தபின் 'நோ சச் இன்ஸ்டன்ஸ்' வந்தால், போர்ட்டின் இன்டெக்ஸ் எண் மாறியிருக்கிறதா என்று பார்.

'டைம் அவுட்' கதை வேறு. அது கருவி சொன்னதல்ல. காத்திருந்து பதில் வராமல் உன் மென்பொருள் எழுதிக்கொண்டது. முதலில் பிங் செய். பிங் போகிறது, எஸ்என்எம்பி மட்டும் பேசவில்லை என்றால் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி பெயர் தவறாக இருக்கலாம், யுடிபி 161 அடைபட்டிருக்கலாம். பெயர் தவறினால் பெரும்பாலான கருவிகள் பதிலே சொல்லாது.

பிங்கும் போகவில்லையா? வழியைப் பார். உதாரணத்துக்கு, பட்டாசு ஆலைகளில் கட்டடங்களுக்கிடையே விதிப்படி இடைவெளி விட வேண்டும். கேட் கேமராவுக்கும் ஆபீசுக்கும் நடுவே 100 மீட்டர் தாண்டினால் சாதாரண லேன் கேபிள் உதவாது. ஃபைபர் இழுத்து இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் வைப்பார்கள். அதில் பல மாடல்களுக்கு ஐபி முகவரியே கிடையாது. செத்தாலும் உன் திரையில் தெரியாது. ஐப்பசி இடிமின்னலில் அதன் அடாப்டர் போனால், அதற்கு அப்பால் நல்லபடியாக இருக்கும் சுவிட்ச்தான் சிவப்பாகத் தெரியும்.

பதில் வராத நேரத்தை 0 என்று பதிய விடாதே. 0 என்பது அளந்து கிடைத்த மதிப்பு. பதில் வராதது வெற்றிடம். நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'கிரிட்டிகல்' 2, 'அன்னோன்' 3 என்று தனித்தனியாக வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

கடைசியாக, சிவப்பைக் கண்டதும் சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லாதே. பல சுவிட்சுகளில் லாக் அத்தோடு அழிந்துவிடும். நடந்தது என்னவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எரர் எண், இன்டெக்ஸ், கடைசியாகப் பதில் வந்த நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, அப்புறம் போனை எடு.

அன்புடன்,
மாமா
விருதுநகர்