ரவுஸ் சிம்மன்ஸ்: ஓர் ஏரிக் கப்பலின் உழைப்பும் முடிவும்

ஏரி என்றவுடன் அக்கரை கண்ணுக்குத் தெரியும் நீர்நிலை ஒன்றே நம் மனத்தில் தோன்றும். அமெரிக்க நாட்டின் வடபகுதியிலுள்ள மிச்சிகன் ஏரி அத்தகையதன்று. பேராக், பகாங் ஆகிய நம் இரு மாநிலங்களின் பரப்பையும் கூட்டினாலும் அவ்வேரியின் பரப்பிற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நீளம் மட்டும் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். நீர் உப்பற்றதாயினும் புயற்காலத்தில் அதன் சீற்றம் கடலுக்குக் குறைந்ததன்று. கடலில் அலைகள் நீண்டு உருண்டு வரும். ஏரியிலோ அவை செங்குத்தாக எழுந்து, கப்பல் ஓர் அலையிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்து மோதும்.

அந்த ஏரியில் 44 ஆண்டுகள் உழைத்த மரக்கப்பல் ஒன்றைப்பற்றி இங்கே அறிந்துகொள்வோம். அதன் பெயர் 'ரவுஸ் சிம்மன்ஸ்'. 1868ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் கட்டப்பட்டது. நீளம் ஏறக்குறைய 123 அடி, பாய்மரங்கள் மூன்று. இவ்வகைக் கப்பலை ஸ்கூனர் என்பர். இதன் பாய்கள் கப்பலின் குறுக்கே அல்லாமல் நீளவாக்கில் கட்டப்பட்டிருக்கும். ஆதலால் மாலுமிகள் பாய்மரத்தின்மேல் ஏறி நின்று பாடுபட வேண்டுவதில்லை. பெரும்பாலான வேலையைத் தளத்தில் நின்றே கயிறுகளால் செய்துவிடலாம். ஆட்கள் குறைந்தால் கூலிச்செலவும் குறையும். இலாபம் மிகக் குறைவான சரக்குத் தொழிலில் இது பெரிய செய்தி.

அக்காலத்தில் மிச்சிகன் மாநிலத்தில் பைன் மரக் காடுகள் மிகுதி. ஏரிக்குத் தென்மேற்கே வளர்ந்துவந்த சிகாகோ நகருக்கோ வீடு கட்டப் பலகை வேண்டும். 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அந்நகரின் ஒரு பகுதி எரிந்து சாம்பலானபின் பலகையின் தேவை மேலும் பெருகிற்று. மஸ்கீகன் ஊரில் மரம் அறுக்கும் ஆலைகளை நடத்திய சார்லஸ் ஹாக்லி என்னும் செல்வர் ரவுஸ் சிம்மன்ஸைத் தம் கப்பல்களுள் ஒன்றாக ஆக்கிக்கொண்டார். அடித்தளம் நிறையப் பலகை, மேல்தளத்திலும் அடுக்கடுக்காகப் பலகை, இவ்வாறு ஆண்டுக்காண்டு ஏரியைக் கடந்தது. சிகாகோவின் எத்தனையோ வீடுகளின் சுவரும் தரையும் இத்தகைய கப்பல்களில் வந்தவையே.

காடுகள் வெட்டப்பட்டுத் தீர்ந்தன. நீராவிக் கப்பல்களும் இரயில் பாதைகளும் சரக்கை எடுத்துக்கொண்டன. பழைய பாய்க்கப்பல்களை வாங்குவார் குறைந்தனர், விலையும் வீழ்ந்தது. மரக்கப்பலுக்குப் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்துக் கீல் பூசும் கலப்பற்று வேலையை அடிக்கடி செய்தல் வேண்டும். தவறினால் நீர் கசியும். சம்பாத்தியம் குறைந்த கப்பலுக்கு அச்செலவைச் செய்ய யார் முன்வருவர்? பழமை ஒரு குற்றம் அன்று. பராமரிக்கப் பணமில்லாத பழமையே ஆபத்து.

இந்நிலையில்தான் ஹெர்மன் ஷூனமன் என்னும் கப்பல் தலைவர் வருகிறார். கப்பலில் அவருக்கு உரியது சிறு பங்கே. ஆண்டின் இறுதியில், மற்றக் கப்பல்கள் கரையில் ஒதுங்கும் நவம்பர் மாதத்தில், வடக்கேயுள்ள காடுகளிலிருந்து கிறிஸ்துமஸ் மரங்களை ஏற்றிவந்து சிகாகோவில் விற்பது அவர் தொழில். கிளார்க் வீதிப் பாலத்தருகே கப்பலைக் கட்டிவைத்து, தளத்திலிருந்தே மக்களுக்கு விற்பார். கடை வாடகையில்லை, இடைத்தரகர் இல்லை. ஐம்பது காசிலிருந்து ஒரு டாலர்வரை விலை. ஏழைகளுக்கு இலவசமாகவும் கொடுத்ததால் அவரைக் 'கேப்டன் சாந்தா' என்று அன்புடன் அழைத்தனர்.

இத்தொழிலின் இடர் அவருக்குத் தெரியாததன்று. அவருடைய தமையனார் ஆகஸ்ட், 1898ஆம் ஆண்டு நவம்பரில், இதே சரக்குடன் வந்த 'எஸ். தால்' என்னும் கப்பலோடு மூழ்கி இறந்தார். ஆயினும் கிறிஸ்துமஸ் மரத்தைக் கோடையில் யார் வாங்குவர்? புயற்காலமும் விற்பனைக்காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

1912 நவம்பர் 22ஆம் நாள், தாம்சன் என்னும் சிறு துறையிலிருந்து ரவுஸ் சிம்மன்ஸ் புறப்பட்டது. அடித்தளத்திலும் மேல்தளத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள். அதற்குமுன் எலிகள் கப்பலைவிட்டு ஓடின என்றொரு கதை பிற்காலத்தில் பரவிற்று. அதனை நாம் கதையாகவே விட்டுவிடுவோம். கடுங்குளிரில் தளத்துச் சரக்கின்மீதும் கயிறுகளின்மீதும் தெறிக்கும் நீர் பனிக்கட்டியாக உறைந்து, கப்பலின் பாரம் நொடிக்கு நொடி ஏறும் என்பதே கருதத்தக்க உண்மை.

மறுநாள் பிற்பகல், கெவானி உயிர்காப்பு நிலையத்தார் தொலைவில் ஒரு ஸ்கூனரைக் கண்டனர். அபாயக் குறியாக அதன் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அந்நிலையத்திலோ இயந்திரப் படகு இல்லை; துடுப்பு வலித்து அக்கப்பலை எட்டிப்பிடிக்க இயலாது. தெற்கேயுள்ள டூ ரிவர்ஸ் நிலையத்திற்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்கள். அங்கிருந்து இயந்திரப் படகு விரைந்தது. சென்று தேடியபோது கப்பலைக் காணவில்லை. கப்பலில் இருந்த பத்துக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை.

சிகாகோவில் மனைவி பார்பராவும் மூன்று பெண்மக்களும் காத்திருந்தனர். தலைவரை இழந்த அக்குடும்பம் தொழிலைக் கைவிடவில்லை. தாயும் மக்களும் ஆண்டுதோறும் மரங்களைத் தருவித்தனர்; முதலில் கப்பலிலும் பின்னர் இரயிலிலும் அவை வந்தன. இரயிலில் வந்த மரங்களையும் துறையில் கட்டிய கப்பலின் தளத்தில் வைத்தே விற்றார்கள். வாங்குவோர் அங்கேதான் தேடிவந்தனர்.

1924ஆம் ஆண்டு மீனவர் வலையில் ஒரு பணப்பை சிக்கிற்று. எண்ணெய் ஊட்டிய, நீர்புகாத துணியில் சுற்றப்பட்டிருந்த அதற்குள் ஷூனமனின் தாள்கள் இருந்தன. கப்பலைக் கண்டுபிடிக்க மேலும் 47 ஆண்டுகள் சென்றன. 1971 அக்டோபரில் கென்ட் பெல்ரிச்சர்ட் என்னும் முக்குளிப்பவர், ஒலியலைக் கருவியின் உதவியால், டூ ரிவர்ஸ் ஊருக்கு அப்பால் ஏறத்தாழ 165 அடி ஆழத்தில் அதனைக் கண்டார். கப்பல் நிமிர்ந்த நிலையில் கிடந்தது. உள்ளே மரங்கள் அடுக்கியபடியே இருந்தன. சிலவற்றில் ஊசியிலைகள்கூட உதிரவில்லை.

கடலில் இவ்வாறு கிடைத்திருக்காது. கடல்நீரில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு உண்டு. குளிர்ந்த நன்னீர் ஏரியில் அது வாழ்வதில்லை. பின்னர் ஆய்வாளர்கள் கப்பலின் முன்பகுதியைக் கூர்ந்து நோக்கினர். நங்கூரச் சங்கிலியும் பாய்மரங்களும் முன்புறமே கிடந்ததால், பாரம் முன்னோக்கிச் சரிந்து கப்பல் தலைகுப்புற மூழ்கியிருக்கலாம் எனக் கருதினர். அதன் நங்கூரம் மேலே கொண்டுவரப்பட்டு மில்வாக்கியில் வைக்கப்பட்டுள்ளது. ஏனையவற்றுள் பெரும்பாலானவை ஏரியின் அடியிலேயே இருக்கின்றன. அவற்றைத் தீண்டலாகாது எனச் சட்டம் காக்கிறது. ஆயினும் வேற்று நாட்டிலிருந்து வந்து பெருகிய ஒருவகைச் சிறு சிப்பி, இப்போது அவ்வேரியின் மரக்கப்பல்களின்மேல் தடித்த போர்வையாகப் படர்ந்து வருகிறது.