சவாரிக் குதிரைக்கு ஏற்ற வாயிரும்பு

குதிரை சொற்படி நிற்கவில்லையெனில், முன்னதைவிடக் கடுமையான வாயிரும்பைப் பூட்டுவது நம் நாட்டின் பல இடங்களில் காணப்படும் வழக்கம். வலி மிகுந்தால் அடக்கமும் மிகும் என்று கருதுவதே இதற்குக் காரணம். ஆனால் வலியிலிருந்து தப்பி ஓடுவதே குதிரையின் இயல்பு. ஆகவே கடுமையான இரும்பு பல சமயங்களில் குதிரையை நிறுத்துவதற்கு மாறாக, மிரண்டு ஓடவே செய்கின்றது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஏறத்தாழ 3.4 இலட்சம் இருந்தன. மலைப்பாதையில் யாத்திரிகரைச் சுமப்பவையும், திருமண ஊர்வலங்களில் செல்பவையும் இவற்றுள் அடங்கும். இவற்றின் உரிமையாளருக்கு நல்வழி காட்டுவது கள ஊழியரின் கடமையாகும்.

வாயின் அமைப்பு

குதிரையின் வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. ஆண் குதிரைகளில் இவ்விடைவெளியின் முன்பகுதியில் கோரைப்பல் முளைக்கும். வாயிரும்பு நாவின் மீதும், இவ்விடைவெளியின் ஈற்றின் மீதும் அமர்கின்றது. அங்கே தாடையெலும்பின் விளிம்பை மெல்லிய ஈறு மட்டுமே மூடியிருப்பதால், சிறு அழுத்தமும் எளிதில் உணரப்படும். மிகையான அழுத்தம் எலும்பையும் புண்படுத்தும்.

இரு வகைகள்

முதல் வகை ஸ்னாபிள் எனப்படும். இதில் வார் வளையத்தில் நேராகப் பூட்டப்படுகின்றது. வாரை 1 கிலோகிராம் விசையுடன் இழுத்தால், வாயிலும் ஏறக்குறைய அதே விசைதான் படும்.

இரண்டாம் வகை கர்ப் எனப்படும். இதன் இரு பக்கங்களிலும் தண்டுகள் உண்டு. மோவாயின் கீழ் ஒரு சங்கிலி செல்லும். இது நெம்புகோலைப் போல வேலை செய்கின்றது. வாயிரும்புக்கு மேலுள்ள தண்டு 4 செ.மீ., கீழுள்ளது 8 செ.மீ. எனக் கொள்வோம். வாரில் 1 கிலோகிராம் இழுத்தால், சங்கிலியில் 2 கிலோகிராமும், வாயில் 3 கிலோகிராமும் விசை உண்டாகும். கீழ்த்தண்டு நீண்டால் விசை இன்னும் பெருகும். எனவே இது பயிற்சி பெற்ற குதிரைக்கும், நிதானமான கையுடைய சவாரிக்காரருக்கும் மட்டுமே உரியது. புதிதாகப் பழகுவோர் வாரைப் பிடித்துக்கொண்டு சமநிலை காக்க முயல்வர். அவர்களிடம் இதனைக் கொடுத்தல் கூடாது.

அளவு காணல்

ஒரு கயிற்றின் நுனியில் முடிச்சிட்டு, அதனை வாயின் குறுக்கே செலுத்துக. முடிச்சு ஓர் உதட்டு மூலையைத் தொடுமாறு பிடித்து, மறு மூலையில் குறியிடுக. இவ்வளவுடன் பக்கத்திற்கு அரை செ.மீ. வீதம் 1 செ.மீ. கூட்டினால் ஸ்னாபிளின் நீளம் கிடைக்கும். குறுகலான இரும்பு உதட்டைக் கிள்ளும். நீளமானது இருபுறமும் வழுக்கும். உதட்டு மூலையில் ஒன்றிரண்டு சிறு மடிப்புகள் தோன்றும் உயரத்தில் அதனைப் பூட்டுக.

தடித்த இரும்பில் அழுத்தம் அகன்ற பரப்பில் பரவுவதால் அது மென்மையானது எனலாம். எனினும் சிறிய வாயும் பருத்த நாவும் உடைய குதிரைக்கு அது இடமின்றி நெருக்கும். ஆதலால் வாயைத் திறந்து பார்த்தே தடிப்பைத் தீர்மானிக்க வேண்டும். துருப்பிடித்ததையும், மூட்டு தேய்ந்ததையும் உடனே நீக்குக.

துன்பத்தின் அறிகுறிகள்

ஓயாது தலையை உதறுதல், வாயைத் திறந்தே வைத்திருத்தல், நாவை இரும்பின் மேலே போடுதல், நுரையில் இரத்தம் காணல், உதட்டு மூலையில் வடு ஆகியவை முக்கியமானவை. இவற்றைக் கண்டால் முதலில் பற்களைச் சோதிக்க வேண்டும். கடைவாய்ப்பற்களின் கூரிய விளிம்பு கன்னத்தை அறுக்கக்கூடும். சேணம் முதுகை உறுத்தலாம். சவாரிக்காரரின் கையும் குற்றமுடையதாக இருக்கலாம். இவற்றைச் சீராக்கிய பின்னரே இரும்பை மாற்றுவதைப் பற்றி எண்ணுக.

முள்ளிரும்பு

முட்களோ குமிழ்களோ உடைய வாயிரும்பு 1965ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. உரிமையாளரிடம் சட்டத்தைக் கூறுவதோடு நில்லாமல், குதிரையின் வாயிலுள்ள புண்ணையும் காட்டுக. வாய் புண்ணான குதிரை தீனியை நன்கு மெல்லாது, மெலியும், பிழைப்புக்கும் உதவாது. இதனை நேரில் கண்டவர் மனம் மாறுதல் எளிது.

ஆசிரியர்களுக்கு

உருண்டையான பென்சிலை முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் குறுக்கே வைத்து, மாணவர் தாமே மெல்ல அழுத்திப் பார்க்கட்டும். பின்னர் அதே அழுத்தத்தைத் தொடையின் சதைப்பகுதியில் செய்யட்டும். எலும்பின் மேல் சதையில்லாத இடத்தில் அழுத்தம் எவ்வளவு உறைக்கும் என்பது அப்பொழுது விளங்கும். குதிரையின் வாயும் அத்தகையதே. மேலே கூறிய தண்டுகளின் அளவுகளைக் கொண்டு நெம்புகோல் கணக்கையும் வகுப்பில் செய்யலாம்.

சுருங்கக் கூறின், வாயிரும்பு குதிரையைத் தண்டிக்கும் கருவியன்று. சவாரிக்காரரின் எண்ணத்தை அதற்கு அறிவிக்கும் கருவியே. அது குதிரையின் வாய்க்குப் பொருந்தும் மிக மென்மையானதாக இருத்தல் வேண்டும்.