பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்ட தங்கச்சிக்கு

லீவு முடிந்து உன் வீட்டுக்காரர் ரயில் ஏறிவிட்டார். அழுதிருப்பாய். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார், அக்கா கொஞ்சம் பேச வேண்டும்.

நம் வேலூர் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். லீவில் வருகிறவரை டீக்கடையில் நிறுத்தி விசாரிப்பார்கள், டிசம்பர் 7 கொடிநாளில் சட்டையில் கொடி குத்திக்கொள்வார்கள். பட்டாளத்துக்காரருக்கு அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் தன் உழைப்புக்கு மதிப்பு இருக்கிறது என்று உன் அத்தான் மனசார உணர்ந்ததை நான் வேறொரு நாளில் பார்த்தேன். என் மாமியாருக்கு, அதான் அத்தைக்கு, சென்னை மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன். அத்தான் ஜம்முவில். கட்டுப் பிரித்ததும் அத்தை போனை வாங்கி, "பணமே கேக்கலடா. அந்தப் புள்ளைங்க கையைப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போச்சுங்க. உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க" என்றார். பதிலே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் வாங்கிக் காதில் வைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இந்த வைத்தியம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை. அவர் குளிரில் நின்று சம்பாதித்தது. ஆனால் காகிதம் சரியாக இருந்தால்தான் கைக்கு வரும். அந்தக் காகிதத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை பார்ட் டூ ஆர்டர். கல்யாணத்தைப் பதிவு செய்த சான்றிதழை அனுப்பி, உன் பெயரை அவருடைய பட்டாளப் பதிவில் ஏற்றச் சொல். குழந்தை பிறந்தாலும் அப்படியே. ஆதாரில் இருக்கும் எழுத்தே அங்கேயும் இருக்கட்டும். என் பெயரில் இங்கிலீஷில் ஒரு 'எச்' ஆதாரில் உண்டு, பதிவில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக ஆறு மாதக் கர்ப்பத்தோடு ஒரு கவுன்ட்டரில் மதியம் வரை நின்றேன். கால் வீங்கிப்போனது.

பெயர் ஏறி, டிபென்டென்ட் கார்டு வந்துவிட்டால், அவர் எந்த மூலையில் இருந்தாலும் நீ பக்கத்திலிருக்கும் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மாமனார் மாமியாரையும் இப்போதே சேர்த்துவிடு. இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் தாண்டக்கூடாது என்பது கணக்கு.

அடுத்தது அவர் உடம்பு. இதைத்தான் ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். இவர்கள் வலியைச் சொல்லமாட்டார்கள். மெடிக்கல் கேட்டகரி இறங்கிவிடும், புரமோஷன் போய்விடும் என்று பயம். அத்தான் முழங்காலில் தைலம் தேய்த்தே பல வருஷம் ஓட்டினார். டியூட்டியில் அடிபட்டால் அன்றைக்கே யூனிட்டின் வைத்திய அறையான எம்.ஐ. ரூமில் காட்டிப் பதிவாக்க வேண்டும். ஓய்வுக்கு முன்னால் ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடக்கும். ஊனமுற்றோர் பென்ஷன் வேண்டும் என்றால் அங்கே இந்தப் பழைய காகிதங்கள்தான் பேசும். காது மந்தமா, தூக்கம் கெட்டிருக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லச் சொல். தூக்கத்தில் கத்தி எழுந்தால் கேலி பண்ணாதே. தண்ணீர் கொடு, பக்கத்தில் உட்கார். அதற்கும் ராணுவத்தில் டாக்டர் உண்டு.

பென்ஷனில் வந்த பிறகு இ.சி.எச்.எஸ்., அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. ஹவில்தார் வரைக்கும் 30,000 ரூபாய் ஒரே தடவை பிடிப்பார்கள், பிறகு ஆயுசுக்கும் பிரீமியம் கிடையாது. இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் காட்டி, தேவைப்பட்டால் ரெஃபரல் வாங்கிக்கொண்டு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை மாதாமாதம் பாலிகிளினிக்கிலேயே தருவார்கள். இந்தச் சலுகை பையனுக்கு 25 வயது வரை, அதற்குள் சம்பாதிக்கவோ கல்யாணம் கட்டவோ தொடங்கினால் அதுவரை. பெண்ணுக்கு வேலை அல்லது கல்யாணம் வரை.

நடு ராத்திரி நெஞ்சு வலி என்றால் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்காதே. பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே ஓடு. அது பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கலாம். அரசு நிர்ணயித்த ரேட்டுக்குத்தான் திருப்பித் தருவார்கள், மிச்சம் நம் கையை விட்டுத்தான். ஒரிஜினல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, அவசர நிலை என்று டாக்டர் எழுதிய சான்று, மூன்றையும் வாங்காமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதே.

சித்தி பையன் அக்னிவீரராகப் போயிருக்கிறான் இல்லையா, நாலு வருஷத்தில் வெளியே வந்தால் அவனுக்கு இந்த இ.சி.எச்.எஸ். கிடையாது. அதே வெயிலில்தான் அவனும் நிற்கிறான், எனக்கு ஆறவே இல்லை. இப்போதே தனியாக ஒரு ஹெல்த் பாலிசி போட்டு வைக்கச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கு. கார்டு ஜெராக்ஸ், பார்ட் டூ ஆர்டர் நகல், எல்லார் ஆதாரும், அவருடைய ஆர்மி நம்பர் எழுதிய ஒரு சீட்டும் அதில் போட்டு, அரிசி டிரம்முக்கு மேலே வை. மாமியாருக்கும் இடம் தெரியட்டும். மாமியார் ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.