எப்போது ஒப்படைக்கலாம்?

கேள்வி: தெருவில் மீட்கப்பட்டு, தற்காலிகப் பராமரிப்பில் வளரும் இரண்டு மாத நாய்க்குட்டியை, தடுப்பூசிகள் அனைத்தும் முடிந்த பிறகுதான் நிரந்தர வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, அவ்வளவு காலம் காத்திருப்பதில் நன்மையைவிட இழப்பே மிகுதி. மனிதரையும் பிற விலங்குகளையும் புதிய ஓசைகளையும் அச்சமின்றி ஏற்கக் குட்டி பழகும் காலம், அதாவது விலங்கு நடத்தையியலார் சமூகமயமாக்கப் பருவம் என்று குறிப்பிடுவது, ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்காம் வாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்பதை ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட ஆய்வு நூல் நிலைநாட்டியது. தடுப்பூசி வரிசையோ, சீம்பால் வழியே தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் தடுப்பு மருந்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதால், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் போடப்பட்டு, 16 வாரம் வரை நீள்கிறது. ஊசி வரிசை முடியும்வரை காத்திருந்தால் பழகும் பருவம் தவறிவிடும்.

ஆகவே முதல் ஊசியும் குடற்புழு நீக்கமும் முடிந்து, வாந்தியோ இரத்தக் கழிச்சலோ இன்றி இரண்டு வாரம் நலமாக இருந்த குட்டியை எட்டாம் வாரத்துக்குப் பின் தாராளமாக ஒப்படைக்கலாம். அக்குறிகள் பார்வோ என்னும் கொடிய குடல் வைரஸ் நோய்க்குரியவை. அக்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தங்கவல்லது என்பதால், புதிய வீட்டில் அண்மையில் குட்டி ஏதேனும் இறந்ததா என்று கேட்டறிவது, வீட்டின் பரப்பளவை விசாரிப்பதைக் காட்டிலும் முக்கியமானது. ஊசி வரிசை முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடாமல் கையில் தூக்கிச் சென்று வேடிக்கை காட்டினால் போதும். வாடகை வீடாயின் உரிமையாளரின் சம்மதத்தையும், உரிய வயதில் கருத்தடை அறுவை செய்விக்கும் உறுதியையும் எழுத்தில் பெறுவது நல்லது.